போர்முரசும் மக்கள் பாட்டும்

ஒரு போரைப் பற்றி ஆட்சியாளர் என்ன எண்ணினர் என்பதை அறியச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. ஆணைகள், உடன்படிக்கைகள், நாடாளுமன்ற உரைகள் என்று ஏடு ஏடாகக் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அந்தப் போருக்குத் தன் மகனை அனுப்பி வைத்த தாயும், செய்தித்தாளை அடுத்தவர் படிக்கக் கேட்டிருந்த முதியவரும், வரி கட்டிய சிறு வணிகரும் என்ன எண்ணினர்? அவர்கள் நூல் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பாட்டுகளும், கூடிப் பாடிய பாட்டுகளுமே நமக்கு எஞ்சியிருக்கின்றன. அந்தப் பாட்டுகளை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளலாமா, கொள்வதாயின் எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே ஈண்டு நாம் எடுத்துக்கொள்ளும் வினாவாகும்.

இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டை எடுத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும். அங்கே பாட்டு ஒரு பெருவாணிகம். எந்த ஆண்டில் எந்தப் பாட்டு விலைபோயிற்று என்பதற்குக் கணக்கு உண்டு. 1930களிலிருந்து மக்கள் கருத்தைக் கணித்துவரும் காலப் நிறுவனத்தின் ஏடுகளும் உண்டு. ஒன்றோடு மற்றொன்றை வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு பல நாடுகளின் வரலாற்றில் நமக்குக் கிட்டுவதில்லை.

முதல் உலகப் போர் 1914 ஆகஸ்டில் ஐரோப்பாவில் மூண்டபோது அமெரிக்கா நடுநிலை அறிவித்தது. அந்நாளில் வானொலி இல்லை. நடுத்தர மக்களின் வீட்டுக் கூடத்தில் ஒரு பியானோ இருக்கும். புதிய பாட்டின் சொற்களும் இசைக்குறிப்பும் அச்சிட்ட தாளைக் கடையில் வாங்கிவந்து, மாலையில் குடும்பத்தார் கூடியிருந்து பாடுவார்கள். நியூயார்க் நகரில் 28ஆம் தெருவை ஒட்டிப் பாட்டுப் பதிப்பகங்கள் நெருக்கமாக அமைந்திருந்தன. பல பியானோக்கள் ஒரே வேளையில் ஒலித்த இரைச்சலைத் தகரத் தட்டுகளைத் தட்டும் ஓசைக்கு ஒப்பிட்டு, அந்த இடத்துக்கு ‘டின் பான் ஆலி’ என்று பெயர் வழங்கிற்று. அங்கே பாட்டெழுதியவர்கள் புலவர்களல்லர், தொழிலாளிகள். சந்தைக்கு என்ன வேண்டுமோ அதை எழுதித் தருவது அவர்கள் தொழில்.

1915ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தத் தெருவிலிருந்து ஒரு பாட்டு வெளிவந்தது. சொல் ஆல்பிரட் பிரையன். இசை ஆல் பியான்டடோசி. தன் மகனைப் படைவீரனாக்குவதற்கு வளர்க்கவில்லை என்று ஒரு தாய் சொல்வதே பாட்டின் பெயர். அது முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 6,50,000 தாள்கள் விற்றதாகக் கூறுவர். ஒரே மகனையும் வேல் கொடுத்துக் களத்துக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயைப் பள்ளியில் படித்து வளர்ந்த நமக்கு, இந்த மேலைநாட்டுத் தாய் முற்றிலும் வேறொரு குரலில் பேசுவது தெரிகிறது. வேறொருத்தியின் மகனைக் கொல்லத் துப்பாக்கியைத் தோளில் வைத்தது யார் என்பது அவளுடைய கேள்வி.

முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு இப்பாட்டு அடங்காச் சினத்தை மூட்டியது. இதைக் கைதட்டிக் கேட்பவர்கள், தன் மகளைத் தாயாவதற்கு வளர்க்கவில்லை என்று ஒருத்தி பாடினாலும் கைதட்டுவார்கள் என்று அவர் ஏளனம் செய்தார். மகனைக் கோழையாக வளர்க்கவில்லை என்றும், படைவீரனின் தாயாக இருப்பதில் பெருமை கொள்வேன் என்றும் மறுப்புப் பாட்டுகள் அடுத்தடுத்து வெளிவந்தன. அவை முதற்பாட்டின் புகழை எட்டவில்லை. 1915 மே 7இல் ‘லூசிடானியா’ கப்பல் செருமானிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு, நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கர் உட்பட ஏறத்தாழ 1,200 பேர் மாண்ட பிறகும் நாடு போருக்குப் போகவில்லை. நாட்டைப் போரிலிருந்து விலக்கிக் காத்தவர் என்ற முழக்கத்தோடுதான் உட்ரோ வில்சன் 1916இல் மீண்டும் தேர்தலில் வென்றார். எனவே அந்தத் தாயின் பாட்டு வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை, நாட்டில் பாதிப்பேருடைய உள்ளத்தையேனும் அது காட்டிற்று என்று நாம் துணிந்து கூறலாம்.

அடுத்து நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும். 1917 ஏப்ரல் 6இல் அமெரிக்கா போர் அறிவித்தது. அந்தச் செய்தியின் சூட்டிலேயே நாடகக்காரரான ஜார்ஜ் கோஹன், கடல் கடந்து செல்லும் படையைப் பற்றி ‘ஓவர் தேர்’ என்ற பாட்டை எழுதினார். எக்காளத்தின் மூன்று சுரங்களையே பல்லவியாக்கிய பாட்டு. நோரா பேய்ஸ் என்ற நடிகை பாடிய இசைத்தட்டும், இத்தாலியப் பாடகர் கரூசோ பாடிய இசைத்தட்டும் நாடெங்கும் பரவின. போர் முடிவதற்குள் தாள்கள் மட்டும் 20 லட்சம் விற்றதாகச் சொல்வர். பின்னாளில் கோஹனுக்கு அமெரிக்கப் பேரவையின் பொற்பதக்கமே கிடைத்தது.

ஈராண்டுக்குமுன் தாயின் பாட்டை எழுதிய பிரையன் என்ன செய்தார்? அவரும் 1917இல் எழுதினார். ஒவ்வொரு பையனும் படைவீரனாகும் வேளை வந்துவிட்டது என்பது அவருடைய புதுப் பாட்டின் பெயர்! அதே ஆண்டில் பிரான்சின் வீராங்கனை ஜோன் ஆப் ஆர்க்கை விளித்து இன்னொரு போர்ப்பாட்டும் அவர் பங்கில் வெளிவந்தது. இதைக் கண்டு அவரை நிறம்மாறி என்று இகழ்வது எளிது. எனக்கு அது நேர்மையான தீர்ப்பாகப் படவில்லை. அவர் கொள்கை சொல்ல வந்தவரல்லர். காற்று எப்பக்கம் அடிக்கிறது என்று காட்டும் கோபுரச் சேவல் போன்றவர். சேவல் திரும்பியதற்குச் சேவலைக் குறைகூறிப் பயனில்லை. காற்று தானாகத் திரும்பிற்றா, திருப்பப்பட்டதா என்று கேட்பதே வரலாற்று மாணவனுக்கு அழகு.

திருப்பப்பட்டது என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன. 1917 மே மாதம் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டம் வந்தது. ஜூனில் வேவுத் தடுப்புச் சட்டம் வந்தது. 1918 மேயில் அரசை இகழ்ந்து பேசுவதையே குற்றமாக்கும் சட்டம் வந்தது. சமதர்மத் தலைவர் யூஜின் டெப்ஸ் ஓகாயோ மாநிலத்தில் ஆற்றிய ஒரு சொற்பொழிவுக்காக 10 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். ஜார்ஜ் கிரீல் என்பவர் தலைமையில் அமைந்த அரசுப் பரப்புரைக் குழு, படக்கொட்டகைகளில் படச்சுருள் மாற்றும் இடைவேளையில் நான்கு நிமிடம் பேசுவதற்கென்றே பல்லாயிரம் பேச்சாளரை அமர்த்திற்று. மக்களைக் கூட்டிப் பாடச் செய்வதும் அந்தப் பணியில் சேர்ந்தது. இந்நிலையில் 1915இன் பாட்டை உரக்கப் பாட எத்தனை பேருக்குத் துணிவு இருந்திருக்கும்? பாட்டு மறைந்தது, பாட்டைப் பாடிய உள்ளம் முழுவதும் மறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. போர்க்காலத்து விற்பனைக் கணக்கைப் படிப்பவர் இதை மறக்கலாகாது. அங்கே மௌனத்துக்குக் கணக்கு இல்லை.

இதே காலத்தில் பாசறைக்குள் பாடப்பட்ட பாட்டு வேறு வகையானது. 1918இல் படையில் சேர்க்கப்பட்ட இர்விங் பெர்லின், விடியற்காலையில் எக்காளம் ஊதித் தூக்கத்தைக் கெடுப்பவன்மீது ஒரு படைவீரனுக்குள்ள கோபத்தை நகைச்சுவையாகப் பாடினார். கோஹனின் பாட்டை வீட்டிலிருந்தோர் விரும்பினர். பெர்லினின் பாட்டைச் சிப்பாய்கள் விரும்பினர். போர் யாருக்கு அணிவகுப்பாகவும் யாருக்குத் தூக்கமின்மையாகவும் இருந்தது என்பது இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் விளங்கும்.

அந்தப் போரில் ஏறத்தாழ 1,16,000 அமெரிக்கர் மாண்டனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் நோயால் மாண்டவர்கள். மீண்டவர்களுக்கு நேர்ந்ததை 1932இன் பாட்டு ஒன்று கூறுகிறது. இப் ஹார்பர்க் சொல்லும் ஜே கார்னி இசையும் அமைத்த அப்பாட்டில், இருப்புப்பாதை அமைத்தவனும் போர்க்களம் கண்டவனுமான ஒருவன், பொருளாதாரச் சரிவில் வேலையிழந்து, பழைய தோழனிடம் ஒரு சில்லறைக் காசு கேட்கிறான். அதே ஆண்டு ஜூலையில், தமக்கு உறுதியளிக்கப்பட்ட ஊக்கத்தொகையைக் கேட்டு வாஷிங்டனில் குடிசை போட்டுக் காத்திருந்த முன்னாள் வீரர்களை, மக்கார்தர் தலைமையில் வந்த படையே கண்ணீர்ப் புகை வீசி விரட்டியது. எந்தப் படையில் பணிபுரிந்தார்களோ அந்தப் படையே! பாட்டும் நிகழ்ச்சியும் இவ்வளவு நெருங்கி வருவது அரிது.

இரண்டாம் உலகப் போரைப் பற்றி நெடுகச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே மக்களின் கருத்து பிளவுபடவில்லை. ஆயினும் ஒரு விந்தை உண்டு. போர்ச் செய்தித் துறையினர் வீறார்ந்த அணிவகுப்புப் பாட்டுகளை வேண்டி நின்றனர். மக்களோ 1942இல் பிங் கிராஸ்பி பாடிய, பனி பொழியும் ஊர்த் திருநாளை ஏங்கி நினைக்கும் பெர்லினின் மெல்லிய பாட்டை வாங்கினர். அதில் போர் என்ற சொல்லே இல்லை. கடல் கடந்து நின்ற சிப்பாய்களே அதைப் படை வானொலியில் மீண்டும் மீண்டும் கேட்டு எழுதினார்கள். ஒரு போரை நியாயமானதென்று முழுமனத்தோடு ஏற்ற மக்களும் அதைப் பாட விரும்பவில்லை, வீடு திரும்புவதையே பாட விரும்பினர் என்பது இதனால் தெரிகிறது.

கொள்கைக்காகவே பாடியவர்களும் பிரையனைப் போலத் திரும்பியதுண்டு. பீட் சீகர் முதலியோர் சேர்ந்த ‘அல்மனாக்’ பாடகர் குழு 1941 மேயில் போருக்கு எதிரான இசைத்தட்டுத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. ஜூன் 22இல் இட்லர் சோவியத் நாட்டின்மீது படையெடுத்தவுடன் அத்தொகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். 1942இல் அதே குழு போரை ஆதரித்துப் பாடிற்று. வாணிகர் சந்தையைப் பார்த்துத் திரும்பினார். இவர்கள் கட்சியின் நிலையைப் பார்த்துத் திரும்பினார்கள்.

இனி வியட்நாம் போருக்கு வருவோம். நம் வினாவுக்குச் செறிவான விடை அங்கேதான் கிடைக்கிறது.

1965இன் இறுதியில் வியட்நாமில் ஏறத்தாழ 1,84,000 அமெரிக்கப் படையினர் இருந்தனர். 1968இன் இறுதியில் 5,36,000 பேர். இந்தப் போரில் படை அனுப்பியது தவறா என்று காலப் நிறுவனம் இடையிடையே கேட்டுவந்தது. 1965 ஆகஸ்டில் தவறு என்றவர் நூற்றுக்கு 24 பேர். 1968 ஆகஸ்டில் 53 பேர். 1971 மேயில் 61 பேர். இந்த ஏணியின் படிகளில் பாட்டுகளை வைத்துப் பார்ப்போம்.

1965 செப்டம்பரில், உலகம் அழிவின் விளிம்பில் நிற்கிறது என்று பாரி மக்வயர் பாடிய பாட்டு விற்பனை வரிசையின் முதலிடத்தைப் பிடித்தது. சில வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அப்படியாயின் மக்கள் போரை வெறுத்துவிட்டார்களா? ஆறு மாதம் கழித்து, 1966 மார்ச்சில், ‘பச்சைத் தொப்பி’ச் சிறப்புப் படையின் வீரத்தைப் புகழ்ந்து பாரி சாட்லர் பாடிய பாட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. அவர் வியட்நாமில் பொறிமுள் குத்திக் காயம்பட்டு மீண்ட உண்மையான படைவீரர். ஆறு மாதத்தில் மக்கள் உள்ளம் தலைகீழாகவில்லை. இரண்டு பாட்டையும் வாங்கியவர்கள் வெவ்வேறு மக்கள். விற்பனை வரிசை வாங்கியவரை எண்ணுகிறதேயன்றி நாட்டை எண்ணுவதில்லை.

அன்றைய இளைஞர் அனைவரும் போரை எதிர்த்தனர் என்று இன்றைக்குப் பலர் நம்புவதும் அந்தப் பாட்டுகளால் விளைந்த மயக்கமே. 1965இல் காலப் கணக்கின்படி 30 வயதுக்கு உட்பட்டோரே முதியோரைவிட மிகுதியாகப் போரை ஆதரித்தனர். முதியோர் இரண்டு உலகப் போர்களைக் கண்டவர்கள், அவர்கள் அஞ்சினார்கள். ஆனால் அவர்கள் இசைத்தட்டு வாங்கவில்லை.

1968இன் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு தற்செயலைச் சொல்லாமல் விட முடியவில்லை. மேலே கண்ட பீட் சீகர், 1955இல் பேரவைக் குழு முன்னிலையில் தம் அரசியற் சார்பைப் பற்றி விடைசொல்ல மறுத்து, 1961இல் தண்டிக்கப்பட்டு, 1962இல் மேல்முறையீட்டில் விடுபட்டவர். நெடுங்காலம் பெரிய தொலைக்காட்சி நிலையங்கள் அவரை அழைப்பதில்லை. 1967 செப்டம்பரில் சி.பி.எஸ். நிலையத்தின் ஒரு நிகழ்ச்சியில் அவர் பாடினார். ஆற்றின் ஆழம் அறியாத படைத்தலைவன் ஒருவன் தன் வீரர்களை முன்னே செல்லுமாறு ஏவி, தானே மூழ்கிப்போகிறான் என்பது பாட்டின் கதை. கதை நடப்பது 1942இல். ஆயினும் அந்தத் தலைவன் யாரென்று நிலையத்தார்க்கும் விளங்கியது, பாட்டை வெட்டிவிட்டார்கள். எதிர்ப்பு எழுந்தது. 1968 ஜனவரி இறுதியில் வியட்நாமியர் டெட் திருநாள் தாக்குதலைத் தொடங்கினர். பிப்ரவரி 25இல் அதே பாட்டு அதே நிலையத்தில் ஒலிபரப்பானது. இரண்டு நாள் கழித்து, நாட்டு மக்கள் பெரிதும் நம்பிய செய்தியாளர் வால்டர் குரோங்கைட், போர் தேக்கத்தில் சிக்கிவிட்டது என்று அதே நிலையத்தில் கூறினார். மார்ச் 31இல் ஜான்சன் மீண்டும் தேர்தலில் நிற்பதில்லையென அறிவித்தார். பாட்டு போரை நிறுத்தவில்லை. ஆனால் செப்டம்பரில் பாடக்கூடாததாக இருந்தது பிப்ரவரியில் பாடக்கூடியதாயிற்று. எது பாடத்தக்கது என்னும் எல்லைக்கோடு நகர்ந்த இடத்தில்தான் மக்கள் கருத்தும் நகர்ந்தது என்று நான் கருதுகிறேன். எத்தனை விற்றது என்பதைவிட எது வெட்டப்பட்டது, எது விடப்பட்டது என்பது நம்பத்தக்க சான்று.

கறுப்பின மக்களின் இசையை வெளியிட்ட மோட்டவுன் நிறுவனத்தின் கதையும் இதை வலியுறுத்தும். போர் எதற்கும் உதவாது என்று உரத்துச் சொல்லும் பாட்டு ஒன்றை நார்மன் விட்பீல்டும் பாரட் ஸ்டிராங்கும் இயற்றினர். 1970இல் புகழ்பெற்ற ‘டெம்ப்டேஷன்ஸ்’ குழு அதைத் தன் தொகுதியில் பாடியது. தனித்தட்டாக வெளியிட்டால் அக்குழுவை விரும்பும் ஒரு சாரார் முகம் சுளிப்பர் என்று நிறுவனம் அஞ்சிற்று. இழப்பதற்கு அவ்வளவு புகழ் இல்லாத எட்வின் ஸ்டாரைக் கொண்டு புதிதாகப் பாடச்செய்து வெளியிட்டனர். அது அவ்வாண்டு மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. இங்கே நம்மவர் நன்கறிந்த முஹம்மது அலீயை நினைவுகூர்வது தகும். அவர் தம் மார்க்க நம்பிக்கையைச் சுட்டிப் படையில் சேர மறுத்தது 1967 ஏப்ரலில். பட்டத்தை இழந்தார், ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டார். 1971 ஜூனில் உச்ச நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கிற்று. அவர் மறுத்தபோது கணிப்பில் பெரும்பான்மையோர் போரைத் தவறென்று சொல்லவில்லை. மோட்டவுன் துணிந்தபோது சொல்லிவிட்டார்கள். வாணிகப் பாட்டு மக்களுக்கு முன்னே விளக்கேந்திச் செல்வதாகப் புகழ்வோர் இந்த ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இனி, இந்தக் கதையில் எவரும் விரும்பிச் சொல்லாத பாட்டு. 1968 மார்ச் 16இல் மை லாய் என்னும் வியட்நாமியச் சிற்றூரில் அமெரிக்கப் படையினர் பெண்டிர், குழந்தைகள், முதியோர் எனப் பார்க்காது சுட்டுக் கொன்றனர். அவ்வூர் நினைவகத்தில் 504 பெயர்கள் உள்ளன. இதற்காகத் தண்டிக்கப்பட்டவர் துணைநிலை அதிகாரி வில்லியம் காலி ஒருவரே. 1971 மார்ச் 29இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. உடனே அவரைக் கடமை தவறாத வீரராகப் போற்றும் இசைத்தட்டு ஒன்று, பழைய உள்நாட்டுப் போர்க்காலத் துதிப்பாட்டின் மெட்டில், டெர்ரி நெல்சன் என்ற வானொலி அறிவிப்பாளர் குரலில் வெளிவந்து, சில நாட்களிலேயே 10 லட்சத்துக்கு மேல் விற்றது. தீர்ப்பை ஏற்காதவர் நூற்றுக்கு 79 பேர் என்று ஒரு கணிப்பு கூறிற்று. அவர்களுள் மேலதிகாரிகளை விட்டுவிட்டுச் சிறியவனைத் தண்டிப்பதா என்று கேட்டவர்களும் உண்டு. அதே வசந்தத்தில்தான் 61 பேர் போர் தவறென்றனர். போரை வேண்டாமென்ற மக்கள் எல்லாரும் வியட்நாமியத் தாயின் பொருட்டு வேண்டாமென்றார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தால், அந்த இசைத்தட்டு நம்மை விழிக்கச் செய்கிறது. பலர் களைத்துப் போயிருந்தார்கள். தம் பிள்ளைகள் மடிவதைப் பொறுக்கமாட்டாதிருந்தார்கள். வியட்நாமியர் தரப்பில் குடிமக்கள் மட்டும் 20 லட்சம் பேர் மாண்டதாக அந்நாட்டு அரசு 1995இல் கணக்கிட்டது. அவர்களைப் பற்றிய அமெரிக்கப் பாட்டு எதுவும் முதலிடத்துக்கு வந்ததில்லை.

2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பழைய காட்சிகள் திரும்பின. ஆயிரத்துக்கு மேற்பட்ட வானொலி நிலையங்களை நடத்திய கிளியர் சேனல் நிறுவனத்தில், இப்போது ஒலிபரப்புவது தகுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டியவை என நூற்றைம்பதுக்கு மேற்பட்ட பாட்டுகளின் பட்டியல் ஒன்று உலவிற்று. ஜான் லெனனின் சமாதானக் கனவுப் பாட்டும் அதில் இடம்பெற்றது. 2003 மார்ச் 10இல், ஈராக் மீது படையெடுப்பு நெருங்கிய வேளையில், ‘டிக்சி சிக்ஸ்’ என்ற மூன்று பெண்களின் பாடகர் குழு இலண்டனில் பாடியது. அவர்களுள் ஒருவரான நாட்டலி மெய்ன்ஸ், தம் டெக்சாஸ் மாநிலத்தவர் குடியரசுத் தலைவராக இருப்பது தமக்கு வெட்கமாக உள்ளது என்று மேடையில் கூறினார். அப்போது நாட்டுப்புற இசை வரிசையின் உச்சியில் இருந்தது அவர்களுடைய பாட்டுத்தான். வியட்நாமுக்குச் சென்று மீளாத ஓர் இளைஞனுக்காகக் காத்திருந்த பெண்ணைப் பற்றிய பாட்டு. மாண்ட சிப்பாய்க்காக அழும் அந்தப் பாட்டையே சிப்பாய்க்கு எதிரானவர்கள் பாடியது என்று நிலையங்கள் நிறுத்தின. இசைத்தட்டுகளை வண்டிச் சக்கரத்தில் இட்டு நசுக்கினர். கொலை மிரட்டலும் வந்தது.

பாக்தாத் நகரின்மீது குண்டுகள் விழத் தொடங்கிய அம்மாதத்தில், இந்தப் போர் தவறு என்று காலப் கணிப்பில் கூறியவர் நூற்றுக்கு 23 பேர். 1965 ஆகஸ்டின் எண்ணிக்கைக்கு ஒன்றே குறைவு. 2007க்குள் பாதிக்கு மேற்பட்டோர் தவறென்றனர். அவ்வாண்டுப் பிப்ரவரியில் அந்தப் பெண்கள், தாம் சமாதானம் பேசி வளைந்து கொடுக்கப்போவதில்லை என்று பாடிய பாட்டுக்கும், அது இடம்பெற்ற தொகுதிக்குமாக ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றனர். அந்தப் பாட்டைத் தெற்கு மாநிலங்களின் நாட்டுப்புற இசை நிலையங்களிற் பல அப்போதும் ஒலிபரப்பவில்லை.